அவர்களுக்கு ஒரு நாள், நமக்கு?

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. முதல் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். மரியாயின் சேனையில் பல்லாண்டுகள் உழைத்த பெரியவர் ஒருவர், மடித்த செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். முஸ்லிம்கள் மீதான வெறுப்பை எதிர்ப்பதற்கென ஐ.நா. பொதுச்சபை மார்ச் 15-ஆம் நாளை ஒதுக்கியிருக்கும் செய்தி அதில் இருந்தது. “ஏன் சாமி, உலகம் முழுக்க நம்ம ஆளுங்கதான் அடிபடுறாங்க. கோயிலைக் கொளுத்துறாங்க. ஆனா அவங்களுக்கு ஒரு நாள் வச்சிருக்காங்க. நமக்கு என்ன வச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

“எல்லாருக்காகவும் செபிப்போம் ஐயா” என்று சொல்லிவிட்டு அடுத்த திருப்பலிக்கு ஆயத்தமானேன். அது மறுமொழி அன்று, நழுவல். ஐ.நா. மன்றத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: வாக்களிக்காமல் விலகியிருத்தல். அன்று விலகியிருந்த நான், இன்று வாக்களிக்க விரும்புகிறேன். பெரியவர் ஒருவர் மட்டும் கேட்ட கேள்வி அன்று அது. அன்பியக் கூட்டங்களிலும், திருமண விருந்துகளிலும், ஏன், குருக்களின் உணவு மேசையிலும் அது ஒலிக்கிறது. ஆகவே வெளிப்படையாகவே விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலில் அந்த நாளின் வரலாறு. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் தொழுகைக்குக் கூடியிருந்தோர்மீது ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 51 பேர் மாண்டனர். தான் செய்த கொலையைத் தானே படமெடுத்து, உலகம் காண நேரடியாக ஒளிபரப்பினான். கிறிஸ்துவின் பெயரையே தாங்கிய நகரில் நடந்தது இது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2022-இல் அதே தேதியில், இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சார்பில் பாகிஸ்தான் கொண்டுவந்த தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பின்றி ஏற்று, அந்த நாளை அறிவித்தது. தொழுதுகொண்டிருந்த நிலையில் கொல்லப்பட்ட 51 மனிதர்களின் நினைவு நாள் அது. அதைப் பார்த்து, ‘நமக்கு என்ன?’ என்று கேட்பது, இழவு வீட்டுக்குச் சென்று, ‘எங்கள் வீட்டுச் சாவுக்கு இவ்வளவு கூட்டம் வரவில்லையே’ என்று புலம்புவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவதாக, நமக்கு ஒன்றும் இல்லை என்பதே உண்மையன்று. 2019-ஆம் ஆண்டிலேயே, போலந்து நாட்டின் முயற்சியால், ஆகஸ்டு 22-ஆம் நாளை, சமயத்தின் அல்லது நம்பிக்கையின் பெயரால் நிகழும் வன்முறைக்குப் பலியானோரின் நினைவு நாளாக அதே பொதுச்சபை அறிவித்தது. மார்ச் 15 அறிவிக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அது வந்துவிட்டது. அது கிறிஸ்தவருக்கும் உரிய நாள்; முஸ்லிமுக்கும், யூதருக்கும், யாசிதிக்கும், பகாய் நெறியினருக்கும், எந்தச் சமயமும் இல்லாதவருக்கும் உரிய நாள். நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்? எத்தனை பங்குகளில் அன்று ஒரு மன்றாட்டேனும் சொல்லப்பட்டது? என் பங்கில் சொல்லப்படவில்லை. பிறருக்குக் கிடைத்த நாள் நம் கண்ணை உறுத்துகிறது. நமக்கும் சேர்த்துக் கிடைத்த நாள் நம் கண்ணில் படவேயில்லை. அப்படியானால் நம் மனக்குறைக்குக் காரணம், துன்புறும் கிறிஸ்தவர் மீதுள்ள பரிவா, அல்லது பிறர்மீதுள்ள பொறாமையா? திராட்சைத் தோட்டத்துக்குக் காலையிலேயே வந்த வேலையாள், பேசிய கூலியைக் குறைவின்றிப் பெற்ற பிறகும் முணுமுணுத்ததை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். அவனை நமக்கு வெளியே தேட வேண்டியதில்லை.

‘ஏன் ஒரு மதத்துக்கு மட்டும்?’ என்ற கேள்வி சாக்குப்போக்குக்காக மட்டும் எழுப்பப்படுவதில்லை, நேர்மையாகவும் எழுப்பப்படுகிறது. இந்தியாவும் பிரான்சும் 2022-இல் அதை எழுப்பின. இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள் ஆகியோர்மீதும் வெறுப்பு பாய்கிறதே என்று இந்தியத் தூதர் கேட்டார். 2024 மார்ச் 15-இல் அடுத்த தீர்மானம் வந்தபோது 115 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தோர் எவரும் இல்லை. 44 நாடுகள் வாக்களிக்காமல் விலகியிருந்தன. இந்தியா, பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் ஆகியவை அந்த 44-இல் அடங்கும். இந்தத் தீர்மானம் கோரியபடி ஒரு சிறப்புத் தூதர் பொறுப்பு உருவாகி, ஸ்பெயினின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மிகேல் ஆங்கெல் மொராத்தினோஸ் 2025-இல் அதற்கு நியமிக்கப்பட்டார்.

இந்த மறுப்புக்கு என் விடை இது. யூத இனப் படுகொலையின் நினைவு நாளாகச் சனவரி 27-ஐ 2005-இல் ஐ.நா. அறிவித்தபோது, ‘ஏன் யூதருக்கு மட்டும்?’ என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வெட்கக்கேடு. குறிப்பிட்ட காயத்துக்குக் குறிப்பிட்ட பெயர் சொல்லி மருந்திடுவது பாகுபாடு ஆகாது. எல்லா மதத்தாருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு நாடு உண்மையாகவே எண்ணினால், எல்லா மதத்தாருக்குமான தீர்மானத்தை முன்மொழிந்து, அதற்காக உழைத்து, தன் வீட்டிலும் அதையே நடைமுறைப்படுத்தட்டும். ‘எல்லாரும்’ என்ற சொல், ஒருவரையும் பெயர் சொல்லி அழைக்காமல் தப்பிக்கும் வழியாகிவிடக் கூடாது. நான் அந்தப் பெரியவரிடம் சொன்ன ‘எல்லாருக்காகவும்’ அத்தகையதே.

ஐரோப்பாவையும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது. தீர்மான வாசகங்களில் நுட்பமான குறை காணும் அந்தக் கண்டத்தில்தான், 2009-இல், பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்பக் கூடாது என்று சுவிட்சர்லாந்து மக்கள் பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு ஐம்பத்தேழுக்கு மேற்பட்ட வாக்குகளால் தீர்மானித்தனர். நம் ஊரில் மணிக்கூண்டு கட்டக் கூடாது என்று அவ்வாறு ஒரு வாக்கெடுப்பு நடந்தால் நாம் என்ன சொல்வோம்? சுவிட்சர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்கள் அந்தத் தடையை எதிர்த்தார்கள் என்பது நமக்கு ஆறுதல். அவர்களுடைய மந்தையில் பலர் செவிமடுக்கவில்லை என்பது நமக்கு எச்சரிக்கை.

இனி, இந்த முயற்சிகளின் உள்ளே இருந்த உண்மையான கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைப் புரிந்துகொள்ள நம் திருச்சபையின் அனுபவமே துணை செய்கிறது.

1999-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள், இஸ்லாமிய நாடுகளின் சார்பில் ஐ.நா.வில் ஒரு தீர்மானம் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. மதங்களை இழிவுபடுத்துவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே காப்பாற்றப்பட இருந்தது மனிதன் அல்லன், மதம். மதத்துக்கு உரிமை கொடுத்தால், அந்த மதத்தின் காவலனாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் அரசுக்கே அந்த உரிமை போய்ச் சேரும். பின்னர் அந்த அரசு, மாற்றுக் கருத்துடைய ஏழையைச் சிறையில் தள்ளும். பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கத்தோலிக்கத் தாய் தேவநிந்தனைக் குற்றச்சாட்டில் 2010-இல் தூக்குத் தண்டனை பெற்று, உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 31-இல் விடுவிக்கும்வரை சிறையில் வாடியது அத்தகைய சட்டத்தால்தான். அதே நாட்டில் அகமதியா பிரிவினர் 1974-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் முஸ்லிம்களே அல்லர் என்று விலக்கப்பட்டனர். மதத்தைக் காக்கும் சட்டம் அந்த மதத்தாரையே காக்கவில்லை.

2011 மார்ச் 24-இல் ஜெனீவாவில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஐ.நா. மனித உரிமைப் பேரவை 16/18 என்ற எண்ணுடைய தீர்மானத்தை ஒருமனதாக ஏற்றது. மதத்தை இழிவுபடுத்துதல் என்ற பேச்சு அதில் இல்லை. சமயத்தின் பெயரால் மனிதர்கள்மீது காட்டப்படும் சகிப்பின்மை, பாகுபாடு, வன்முறைத் தூண்டல், வன்முறை ஆகியவற்றை எதிர்த்தல் என்பதே அதன் பொருள். மதம் இருந்த இடத்தில் மனிதர் வந்தனர். அதைப் பேரவையில் முன்வைத்ததும் பாகிஸ்தான்தான். அதற்கு 22 நாள்களுக்கு முன், மார்ச் 2-இல், பாகிஸ்தானின் சிறுபான்மையினர் அமைச்சர் சபாஸ் பட்டி, தேவநிந்தனைச் சட்டத்தை எதிர்த்த காரணத்துக்காக இஸ்லாமாபாத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் ஒரு கத்தோலிக்கர்.

‘நமக்காக யார் பேசுகிறார்கள்?’ என்று கேட்போர் இன்னொரு பெயரையும் நினைவில் கொள்ளவேண்டும். அதே ஆண்டு சனவரி 4-இல், ஆசியா பீபிக்காகப் பேசிய குற்றத்துக்காகப் பஞ்சாப் மாநில ஆளுநர் சல்மான் தசீர், தம் மெய்க்காவலராலேயே கொல்லப்பட்டார். அவர் ஒரு முஸ்லிம். கத்தோலிக்கப் பெண் ஒருத்திக்காக உயிர் கொடுத்த முஸ்லிம். அவளுக்காக வாதாடிய வழக்குரைஞரும் முஸ்லிம்; விடுவித்த நீதிபதிகளும் முஸ்லிம்கள். அவர்களில் எவரும், ‘அவளுக்கு என்றால் நமக்கு என்ன?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஜெனீவாவில் 2011-இல் தூதர்கள் எடுத்துவைத்த அடியை, நம் திருச்சபை 1965-இல் எடுத்துவைத்தது. குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த முதிய பேராசிரியர் ஒருவர், பழைய இறையியல் நூல்களில் இருந்த ஒரு கோட்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, நெடுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழைக்கு உரிமை இல்லை என்பதே அது. உண்மைக்கு மட்டுமே உரிமை. உண்மை நம்மிடம் இருக்கிறது. ஆகவே உரிமையும் நமக்கே என்று அந்த வாதம் நீளும். பிறகு அவர் அதை அழித்துவிட்டுச் சொன்னார்: பிழைக்கும் உரிமை இல்லை, உண்மைக்கும் உரிமை இல்லை, மனிதனுக்கே உரிமை. 1965 டிசம்பர் 7-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையின் நெஞ்சம் இதுவே. 2308 சங்கத் தந்தையர் ஆதரித்தனர். 70 பேர் எதிர்த்தனர். சமயச் சுதந்திரம் மனித ஆளின் மாண்பில் வேரூன்றியது என்று சங்கம் கற்பித்தது. ஆகவே அது கத்தோலிக்கரின் சலுகை அன்று. கடவுளின் சாயல் எங்கே உண்டோ அங்கே அது உண்டு. இதை ஏற்கும் ஒரு கத்தோலிக்கர், முஸ்லிமின் உரிமையைத் தம் உரிமையின் போட்டியாளனாக எண்ண முடியாது. இரண்டும் ஒரே கிணற்றின் நீர். கிணற்றில் ஒருவன் நஞ்சு கலந்தால், எந்தத் தெருக்காரன் இறைத்த குடத்தில் நஞ்சு என்று பிரித்துப் பார்க்கவா முடியும்?

ஆயினும் தீர்மானத்தை எழுதியவர்களே அதற்கு உண்மையாய் இருந்தார்களா? இங்கேதான் என் சினம் எழுகிறது.

சீனாவின் சின்சியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்கள் பெருந்தொகையாக முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2019 சூலையில் 22 நாடுகள் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தன. சில நாள்களில் 37 நாடுகள் சீனாவைப் புகழ்ந்து மறு கடிதம் எழுதின. பாகிஸ்தானும் சவூதி அரேபியாவும் அந்த 37-இல் இருந்தன. 2022 ஆகஸ்டு இறுதியில் ஐ.நா. மனித உரிமை ஆணையரகம், அங்கே நடப்பவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையைப் பற்றி விவாதிக்கலாமா என்று மட்டும், தண்டிக்கலாமா என்றுகூட அன்று, 2022 அக்டோபர் 6-இல் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 17, எதிர்ப்பு 19, விலகியிருந்தோர் 11. விவாதமே கூடாது என்று வாக்களித்தவற்றுள் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை இருந்தன. இந்தியா விலகியிருந்தது. முஸ்லிம் வெறுப்பை எதிர்க்கும் நாள் அறிவிக்கப்பட்டு அப்போது ஏழு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. தாடி வைத்ததற்காகவும், திருக்குரானை வீட்டில் வைத்திருந்ததற்காகவும் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மனிதர், முஸ்லிம் என்ற கணக்கில் ஏன் வரவில்லை? எதிர்த் தட்டில் சீனாவின் கடனும் சாலைத் திட்டங்களும் இருந்ததாலன்றோ? மதத்தின் பெயரால் எழுப்பப்படும் குரல், வணிகக் கணக்கு வந்தவுடன் அடங்கிவிடுமானால், அது நம்பிக்கையின் குரல் அன்று.

நமக்கு மிக அண்மையில், தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு இலங்கையில் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். கொரோனா தொற்றால் இறந்தோரைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இலங்கை அரசோ அனைவரையும் எரித்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள், அவர்கள் ஜனாசா என்று மதிப்போடு அழைக்கும் உடல்கள், குடும்பத்தாரின் கண்ணீரை மீறி எரியூட்டப்பட்டன. பிறந்து இருபது நாளேயான பச்சிளங்குழந்தையும் அவற்றுள் ஒன்று. பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெண்துணிகளைக் கட்டி மௌனமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசு அசையவில்லை.

பின் என்ன நடந்தது? 2021 பிப்ரவரி 22-இல் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. இலங்கைப் போரின் கொடுமைகளுக்குச் சான்று திரட்டும் தீர்மானம் அங்கே காத்திருந்தது. இலங்கைக்கு முஸ்லிம் நாடுகளின் வாக்குத் தேவைப்பட்டது. பிப்ரவரி 23-இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். 25-இல் அடக்கம் செய்யலாம் என்ற அரசாணை வெளியாயிற்று. மார்ச் முதல் வாரத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. மார்ச் 23-இல் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது: ஆதரவு 22, எதிர்ப்பு 11, விலகியிருந்தோர் 14. பாகிஸ்தானும் வங்கதேசமும் தீர்மானத்தை எதிர்த்து இலங்கைக்கு வாக்களித்தன. இந்தியா இங்கும் விலகியிருந்தது.

பேரம் நடந்தது என்று நான் தீர்ப்பிடவில்லை. தேதிகளை வரிசையாக வைக்கிறேன். ஓர் இனத்தின் சடலங்களுக்கு ஆறடி நிலம் கிடைத்தது, நல்லதே. ஆனால் மற்றோர் இனத்தின் சடலங்களுக்கு நீதி கேட்டபோது அதே கைகள் எதிராக உயர்ந்தன. இறந்தவர்களின் உடல்கள் அரசுகளின் தராசில் ஏறி இறங்கியதை நாம் கண்டோம். உரிமை என்பது ஒரு பிரதமரின் வருகையால் கிடைத்தால், அடுத்த பிரதமரின் வருகையால் பறிபோகவும் கூடும். 2024 சூலையில் இலங்கை அமைச்சரவை அந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்டது. எரிந்துபோன உடலுக்கு மன்னிப்பு எங்கே போய்ச் சேரும்?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பிறரைக் குற்றஞ்சாட்டும் விரலை நம்மை நோக்கித் திருப்பாமல் போனால், இக்கட்டுரை வெறும் பகையாகிவிடும். 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியா முஸ்லிம்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மியான்மருக்குச் சென்றார். அங்குள்ள திருச்சபை கேட்டுக்கொண்டபடி, அந்த மண்ணில் அவர் ‘ரோகிங்கியா’ என்ற சொல்லைப் பொதுமேடையில் உச்சரிக்கவில்லை. டிசம்பர் முதல் நாள் டாக்காவில் அகதிகளைச் சந்தித்தபோதே அப்பெயரைச் சொன்னார். இறைவனின் பிரசன்னம் அவர்களிடத்திலும் அப்பெயரால் விளங்குகிறது என்னும் பொருள்பட உரைத்து மன்னிப்பும் கேட்டார். கதவு அறைந்து சாத்தப்படாமல் இருக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கினார். மியான்மரின் சிறிய கத்தோலிக்க மந்தையைக் காப்பதற்கான விவேகம் அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விவேகத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை அன்று கொடுத்தவர்கள் நாம் அல்லர், பெயர் மறுக்கப்பட்ட அந்த மக்கள். டாக்காவில் கேட்கப்பட்ட மன்னிப்பில் அந்த உணர்வு இருந்தது. அரசுகளிடம் இல்லாததும் அந்த உணர்வே.

என் குற்றத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். 2020-21இல் எங்கள் பங்குக் கல்லறையில் தொற்றால் இறந்தோர் பலரை அடக்கம் செய்தேன். பாதுகாப்பு உடை அணிந்த நான்கு இளைஞர்கள், பத்தடி தூரத்தில் நான், குடும்பத்தினர் வாசலுக்கு வெளியே. அதற்குச் சற்று முன்புதான், சென்னையில் தொற்றால் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரின் உடல் கூட்டத்தால் விரட்டப்பட்டு, நள்ளிரவில் வேறொரு மயானத்தில் புதைக்கப்பட்டது. அந்தச் செய்தியை வாசித்து நான் கலங்கினேன்; மறையுரையில் பேசினேன். இலங்கையில் முஸ்லிம் உடல்கள் எரிக்கப்படும் செய்தியும் அதே செய்தித்தாளில்தான் வந்தது. அதை வாசித்தேன், பக்கத்தைத் திருப்பினேன். ஒரு மன்றாட்டும் சொல்லவில்லை. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வியில் குழந்தைகளுக்குக் கற்பிப்பவன் நான்.

‘உயிர்ப்பு ஞாயிறன்று இலங்கை ஆலயங்களில் குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் அல்லவா?’ என்று கேட்பீர்கள். ஆம். 2019 ஏப்ரல் 21-இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், உணவு விடுதிகளிலும் 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதை நாம் மறக்கவும் கூடாது. அதற்கு நீதி கேட்பதை நிறுத்தவும் கூடாது. ஆனால் சிலர் செய்த பாவத்தை ஓர் இனத்தின்மேல் ஏற்றுவது எந்த மறைநூலின் நீதி? அடுத்த மாதமே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பிள்ளைகளை அடக்கம் செய்த ஈரம் காயாத கைகளோடு கத்தோலிக்கர் பழிவாங்கலைத் தவிர்க்கவேண்டும் என்று கொழும்புக் கர்தினால் மால்கம் ரஞ்சித் மன்றாடினார். காயம்பட்ட திருச்சபை அவ்வாறு பேச முடிந்ததென்றால், காயம்படாத நமக்கு என்ன தடை?

நம்பிக்கைக்கும் இடமுண்டு. காம்பியா என்ற சின்னஞ்சிறு ஆப்பிரிக்க நாடு, மியான்மருக்கு எதிராக, ரோகிங்கியா மக்களுக்காக, 2019 நவம்பர் 11-இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதற்கு அங்கே நிலமில்லை, எண்ணெயில்லை, எல்லையில்லை. 2020 சனவரி 23-இல், அந்த மக்களைக் காக்க மியான்மர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாக ஆணையிட்டனர். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு அந்த வழக்குக்குத் துணை நின்றது. உய்குர் மக்களைக் கைவிட்ட அதே அமைப்பு, ரோகிங்கியாக்களுக்குத் துணை நின்றது. ஆகவே அமைப்புகளைப் புனிதராக்கவும் வேண்டாம், சாத்தானாக்கவும் வேண்டாம். எந்தச் செயலில் மனிதன் காக்கப்பட்டான் என்று மட்டும் பார்ப்போம்.

அரசுகளே செய்ய வேண்டும் என்பதுமில்லை. 2021 பிப்ரவரித் தொடக்கத்தில், பொத்துவில் முதல் பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் ஐந்து நாள் சேர்ந்து நடந்தார்கள். காணாமற்போன தமிழ்ப் பிள்ளைகளுக்கான கோரிக்கையோடு, எரிக்கப்படும் முஸ்லிம் உடல்களுக்கான கோரிக்கையும் அந்த ஊர்வலத்தில் இருந்தது. 1990-இல் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடு மாறாத மண் அது. அந்த மண்ணில் ஒருவர் காயத்துக்கு மற்றவர் குரல் கொடுத்தார். ஜெனீவாவில் வாக்குக்கு வாக்கு எண்ணப்பட்ட அதே பருவத்தில், அங்கே விலை பேசாமல் மனிதர் நடந்தனர். எது அரசியல் தூது, எது நற்செய்தித் தூது என்று கேட்டால், நான் அந்தச் சாலையைத்தான் காட்டுவேன்.

அந்தப் பெரியவருக்கு இப்போது என் மறுமொழி. ஐயா, மார்ச் 15 எந்த ஆண்டிலும் தவக்காலத்துக்குள்ளேயே விழும். திருநீற்றுப் புதன் அதற்குப் பிந்தி வருவதுமில்லை, உயிர்ப்புப் பெருவிழா அதற்கு முந்தி வருவதுமில்லை. நாம் நோன்பிருக்கும் நாள்களில்தான் நம் அயலாரின் அந்த நினைவு நாள் வருகிறது. ஆகஸ்டு 22-ஓ, அரசியான கன்னி மரியாவின் நினைவு நாள். நீங்கள் நாள்தோறும் செபமாலையில் அழைக்கும் அன்னையை முஸ்லிம்களும் போற்றுகிறார்கள். திருக்குரானின் ஓர் அதிகாரம் அவள் பெயரையே தாங்குகிறது. சங்கத் தந்தையர் 1965-இல் பிற சமயங்கள் பற்றிய அறிக்கையில் இதைக் குறிப்பிட்டார்கள். இரு நாள்களும் நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் நமக்காகவே காத்திருக்கின்றன.

வரும் ஆண்டு முதல் எங்கள் பங்கில் அவ்விரு நாள்களிலும் பெயர் சொல்லி மன்றாடுவோம். மார்ச் 15-இல் கிறைஸ்ட்சர்ச்சில் மாண்ட 51 பேருக்காகவும், உய்குர் மக்களுக்காகவும், ரோகிங்கியாக்களுக்காகவும். ஆகஸ்டு 22-இல் கட்டுவாப்பிட்டியில் மாண்ட நம் மக்களுக்காகவும், சபாஸ் பட்டிக்காகவும், அவரோடு சேர்த்தே சல்மான் தசீருக்காகவும். முதல் மன்றாட்டை நீங்களே வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனம் ஒப்பவில்லை என்றால் வந்து என்னிடம் சண்டையிடுங்கள். இம்முறை நான் அடுத்த திருப்பலியைக் காரணம் காட்டமாட்டேன்.